சின்னப் பாவாடை... பெரிய உழைப்பு! பொம்மைக்கு உடை தைத்து ஆன்லைனில் விற்கலாமா?

ஏழு அங்குல நீளத்தில் ஒரு பட்டுப்பாவாடை. அதற்குப் பொருத்தமாக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சட்டை. பார்த்ததும், ‘இவ்வளவுதானே, அரை மணி நேரத்தில் தைத்துவிடலாம்’ என்றுதான் யாருக்கும் தோன்றும். மிஷின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்... குழந்தைக்குத் தைக்கும் பாவாடை சட்டையில் எத்தனை வேலை உண்டோ, ஏறக்குறைய அத்தனையும் இதிலும் உண்டு. துணி மட்டும்தான் குறைவு!

பொம்மைகளுக்கு உடை தைத்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் விற்பது, தையல் தெரிந்த பலருக்கு இன்று கைகொடுக்கக்கூடிய தொழில். முதலீடு குறைவு, இடம் அதிகம் தேவையில்லை, வீட்டில் இருக்கும் தையல் மிஷினே போதும். ஆனால், இதில் இறங்கும் பலர் சறுக்குவது தையலில் அல்ல, விலையில். உடை சின்னது என்பதால் உழைப்பையும் சின்னதாகக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு பொம்மை... ஓராயிரம் உடை

1959-ம் ஆண்டு மார்ச் 9-ம் தேதி, நியூயார்க்கில் நடந்த பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானது. அதை உருவாக்கியவர் ரூத் ஹேண்ட்லர். மேட்டல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதல் பார்பியின் விலை 3 டாலர். பொம்மையை ஒரு முறை வாங்கினால் போதும்; உடைகளை மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

அந்த உடைகளை வடிவமைப்பதற்கென்றே சார்லட் ஜான்சன் என்ற ஆடை வடிவமைப்பாளரை மேட்டல் வேலைக்கு அமர்த்தியது. உடைகள் தயாரானது ஜப்பானில். குட்டிக் குட்டி பட்டன்களையும் விளிம்புத் தையல்களையும் கையால் தைத்துக் கொடுத்தவர்கள், அங்கே வீட்டிலிருந்தபடி வேலை செய்த தையல்காரர்கள். ஆக, பொம்மை உடை ஆரம்பத்திலிருந்தே வீட்டுத் தையலை நம்பி வளர்ந்த தொழில்தான்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. நவராத்திரி வந்தால், பெட்டியிலிருந்து மரப்பாச்சி ஜோடியை எடுத்து, பழைய பட்டுப்புடவையின் ஜரிகை ஓரத்தை வெட்டி ராஜாவுக்கு வேஷ்டியும் ராணிக்குப் புடவையும் கட்டிவிடுவது பல வீடுகளில் வழக்கம். பாட்டிகள் செலவில்லாமல் செய்த அந்த அலங்காரத்தைத்தான், நேரமில்லாத வீடுகள் இன்று ரெடிமேடாகத் தேடுகின்றன.

வாங்குகிறவர்கள் யார்?

‘பொம்மை உடை’ என்று பொதுவாகச் சொன்னாலும், வாங்குகிறவர்கள் பலவகை. யாருக்குத் தைக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது.

கொலு வைக்கும் வீடுகள்: மரப்பாச்சி உடை, கல்யாண செட் பொம்மைகளுக்கான உடை. மரப்பாச்சியின் கைகள் பெரும்பாலும் உடலோடு சேர்த்தே செதுக்கப்பட்டிருக்கும். கை வைத்த சட்டை அதற்கு ஏறாது. சுற்றிக் கட்டி, பின்னால் முடியும்படிதான் தைக்க வேண்டும்.

பூஜை அறைகள்: வரலட்சுமி விரதத்துக்குக் கலசத்தில் கட்டும் ரெடிமேட் புடவை, தவழும் கிருஷ்ணர் விக்ரகத்துக்கான வஸ்திரம். வட மாநிலங்களில் ‘லட்டு கோபால்’ உடைக்குத் தேவை ஆண்டு முழுக்க உண்டு. அந்த விக்ரகங்களை 0, 1, 2 என்று எண் சொல்லி விற்பார்கள். ஒரே எண்ணிலும் அளவு சற்று மாறுவதால், எண்ணை நம்பாமல் உயரத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

குழந்தைகள் உள்ள வீடுகள்: பிறந்தநாளுக்கு மகளுக்குத் தைத்த பட்டுப்பாவாடையின் மிச்சத் துணியில் அவள் பொம்மைக்கும் ஒரு பாவாடை! ‘எனக்கும் பொம்மைக்கும் ஒரே டிரெஸ்’ என்பதில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் சந்தோஷமே தனி. ஏற்கெனவே குழந்தைகள் உடை தைப்பவர்களுக்கு இது எளிதான கூடுதல் வருமானம்.

கல்யாண வீடுகள்: சீர்வரிசைத் தட்டுகளில் வைக்கும் மாப்பிள்ளை - பெண் பொம்மைகள். முகூர்த்தப் புடவையின் நிறத்திலேயே பொம்மைக்கும் கேட்பவர்கள் உண்டு.

பத்து உடை கொண்ட பாக்கெட்டை மலிவாக விற்கும் தொழிற்சாலைச் சரக்கோடு கவுன் தைத்துப் போட்டியிட முடியாது. மடிசார், பரதநாட்டிய உடை, வேஷ்டி சட்டை, தாவணி என்று தொழிற்சாலை தைக்காததைத் தைப்பதுதான் வீட்டுத் தையலின் பலம்.

ஆறில் ஒரு பங்கு

பார்பி போன்ற ஃபேஷன் பொம்மைகளின் உயரம் சுமார் 11.5 அங்குலம். மனித அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நாம் கட்டும் ஐந்தரை மீட்டர் புடவையை ஆறால் வகுத்தால் சுமார் 92 சென்டிமீட்டர். 115 சென்டிமீட்டர் அகலம் சுமார் 19 சென்டிமீட்டராகும். 110 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியில் ஒரு மீட்டர் வாங்கினால் ஐந்து குட்டிப் புடவைகள் கிடைக்கும்.

நீளத்தையும் அகலத்தையும் ஆறால் வகுக்கலாம். துணியின் தடிமனை வகுக்க முடியாதே! சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நமக்கு அழகாக விழும் ஏழெட்டுக் கொசுவம், பொம்மையின் இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் உள்சுற்றைக் குறைத்து, நான்கு கொசுவம் மட்டும் வைத்து, அயர்ன் செய்து, இடுப்புப் பட்டையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். முந்தானை மட்டும் தனியாகத் தொங்கும். குழந்தையே கட்டிவிடக்கூடிய ரெடிமேட் புடவை தயார்.

தையலுக்கு விடும் துணியிலும் இதே கணக்குதான். வழக்கமாக விடும் கால் அங்குலம், பொம்மையின் அளவில் ஒன்றரை அங்குலம் விட்டதற்குச் சமம். தைத்த பிறகு அதை அப்படியே விடாமல், பாதியாக நறுக்கிவிட்டால்தான் உடை உப்பலாகத் தெரியாது.

எந்தத் துணி... எந்த டிசைன்?

மெல்லிய காட்டன், மல்மல், கேம்ப்ரிக் ஆகியவை பழகுவதற்கு ஏற்றவை. வழுக்கும் சாட்டினும் பிரியும் டிஷ்யூவும் கை பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

டிசைன் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். நம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் ஒரு அங்குலப் பூ, பொம்மையின் மார்பு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். புள்ளி, பொடிக் கட்டம், மெல்லிய கோடு ஆகியவை பொருந்தும். ஜரிகை அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

பழைய பட்டுப்புடவைகள், பிளவுஸ் பிட் மிச்சங்கள், தையல் கடைகளின் கட் பீஸ்கள் எல்லாமே இதற்கு மூலப்பொருள்தான். மடிப்பில் இற்றுப்போன பட்டை மட்டும் தவிர்க்க வேண்டும்.

சிவப்பு, கருநீலம், கறுப்பு போன்ற அடர்நிறத் துணிகளைத் தண்ணீரில் அலசி, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டே வெட்ட வேண்டும். சாயம் போகும் துணி, பிளாஸ்டிக் பொம்மையின் உடலில் கறையாகப் பதிந்துவிடும். அது லேசில் போகாது. ஆசையாக வாங்கிய பொம்மை வீணானால், அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

பொம்மையே அளவுச் சட்டை

அங்குல டேப்பை வைத்து இவ்வளவு சின்ன உடலை அளப்பது சிரமம். அதற்கு எளிய வழி உண்டு. பொம்மையின் மேல் சமையலறை கிளிங் ராப் காகிதத்தைச் சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். முன் நடு, பின் நடு, பக்கவாட்டு, தோள், இடுப்பு என்று கோடுகளைப் பேனாவால் வரைந்து, கோட்டின் மேலேயே கத்தரித்து எடுத்தால் பொம்மையின் சரியான அளவு தட்டையாகக் கைக்கு வந்துவிடும். அதை அட்டையில் வரைந்து, தையலுக்கான இடம் சேர்த்து வெட்டி வைத்துக்கொண்டால், எத்தனை உடை வேண்டுமானாலும் தைக்கலாம்.

ஒவ்வொரு அட்டையிலும் பொம்மையின் உயரம், மார்பு, இடுப்பு, இடைக்குக் கீழ் சுற்றளவு ஆகியவற்றை எழுதி வைப்பது அவசியம். நாளைக்கு ஆர்டர் வரும்போது தேட வேண்டாம்.

கைக்கு எட்டும் சில நுணுக்கங்கள்

* மிஷினில் 9 அல்லது 11-ம் எண் ஊசி, தையல் நீளம் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

* சின்னத் துணியின் முனையை மிஷின் உள்ளே இழுத்துக்கொள்ளும். துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம்.

* பக்கவாட்டை மூடிய பிறகு கை வைக்க முயன்றால் விரல்கூட நுழையாது. துணி விரிந்திருக்கும்போதே கையை இணைத்து, கடைசியில் கை ஓரத்திலிருந்து இடுப்பு வரை ஒரே தையலாகப் பக்கவாட்டை மூட வேண்டும்.

* கழுத்துப் பட்டி மடித்துத் தைத்தால் தடிக்கும். அதே வடிவத்தில் மெல்லிய லைனிங் வைத்துத் தைத்துத் திருப்பினால் உள்ளும் புறமும் சுத்தமாக இருக்கும்.

* பொம்மைக்குத் தலை பெரிது, கழுத்து சின்னது. அதனால் பின்பக்கம் இடுப்புக்குக் கீழ்வரை திறப்பு வேண்டும். மூடுவதற்குச் சின்ன டிச் பட்டன் நல்லது. வெல்க்ரோ வைத்தால் மிக மெல்லியதாக இருக்கட்டும். முரட்டு வெல்க்ரோ பொம்மையின் தலைமுடியைப் பிய்த்துவிடும்.

* மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்று தெரிந்தால் மணி, முத்து, பட்டன், நீளமான கயிறு எதுவும் வேண்டாம். எம்பிராய்டரியும் சுற்றிக் கட்டும் வடிவமும் போதும். பார்சலில் குண்டூசி எதுவும் தங்கிவிடவில்லையே என்று ஒரு முறைக்கு இரு முறை பார்ப்பது கட்டாயம்.

பொடித் தையல் கண்ணையும் கழுத்தையும் வாட்டும். பகல் வெளிச்சத்தில் தைப்பதும், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பதும் இந்தத் தொழிலில் நீடிக்க உதவும்.

விலை வைப்பதுதான் வித்தை

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945-ல், பாரீஸின் பெரிய ஆடை வடிவமைப்பு நிறுவனங்களுக்குப் போதிய துணி கிடைக்கவில்லை. அவர்கள் சுமார் 70 சென்டிமீட்டர் உயரக் கம்பி பொம்மைகளுக்கு உடை தைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். ‘தியேட்டர் த லா மோட்’ என்று அதற்குப் பெயர். துணியைத்தான் மிச்சம் பிடித்தார்களே தவிர, வேலையைக் குறைக்கவில்லை. அந்தக் குட்டி உடைகளில் பட்டன்களும் ஜிப்களும் நிஜமாகவே திறந்து மூடின.

வீட்டில் தைப்பவரும் இதை மனதில் வைக்க வேண்டும். ஒரு பாவாடை சட்டை செட்டுக்கான கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம்.

துணி - 30 ரூபாய்
லைனிங், லேஸ், டிச் பட்டன், நூல் - 25 ரூபாய்
கவர், லேபிள் - 15 ரூபாய்
மின்சாரம், மிஷின் தேய்மானம், வீணாகும் துணி - 20 ரூபாய்

மொத்தச் செலவு 90 ரூபாய். வெட்டவும் தைக்கவும் இரண்டரை மணி நேரம், படம் எடுக்க, பதில் சொல்ல, பார்சல் கட்ட அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3 மணி நேரம்.

‘பொம்மை டிரெஸ்தானே’ என்று இதை 150 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 60 ரூபாய். அதாவது, ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய்! லாபம் வருவதுபோல் தெரியும். ஆனால், கூலி காணாமல் போயிருக்கும். மணிக்கு 80 ரூபாய் கூலி என்று முடிவுசெய்தால், 240 ரூபாய் கூலி, 90 ரூபாய் செலவு சேர்த்து 330 ரூபாய் வைக்க வேண்டும். தபால் செலவும், தளத்தின் கமிஷனும் தனி.

‘இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?’ என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு வழி கூலியைக் குறைப்பதல்ல, நேரத்தைக் குறைப்பது. ஒவ்வோர் உடையாகத் தைக்காமல் பத்து உடைக்கான துணியை ஒன்றாக வெட்டி, எல்லாத் தோள் தையலையும் ஒரே மூச்சில் முடித்து, பிறகு எல்லாக் கைகளையும் இணைப்பது என்று படிப்படியாகப் போனால் வேகம் கூடும். இரண்டரை மணி நேரத் தையல் ஒன்றரை மணியாகக் குறைந்தால், அதே கூலியில் விலை 250 ரூபாய்க்கு வந்துவிடும்.

எளிய பாவாடை, நடுத்தரமான செட், ஜரிகையும் நகையும் சேர்ந்த சிறப்பு செட் என்று மூன்று விலைகளில் வைத்தால் வாங்குபவருக்கும் தேர்ந்தெடுக்க வசதி. அளவு கொடுத்துத் தைக்கச் சொல்பவர்களிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

‘வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே’ என்று அக்கம்பக்கம் சொல்லலாம், வீட்டில் உள்ளவர்களே சொல்லலாம். சமையலுக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் நடுவில் ஒதுக்கிய மூன்று மணி நேரம் அது. அதற்கு விலை இல்லை என்று தைப்பவரே நினைத்தால், வாங்குபவர் எப்படிக் கொடுப்பார்?

படம் பேச வேண்டும்

ஆன்லைனில் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. கையின் வேலையைப் படம்தான் செய்ய வேண்டும். காலை வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், வெளிர்நிறப் பின்னணியில் எடுத்தால் செல்போனே போதும். பொம்மை அணிந்திருக்கும் முன்பக்கம், திறப்பு தெரியும் பின்பக்கம், உள்தையல், அளவு புரிய ஸ்கேல் அல்லது நாணயம் பக்கத்தில் வைத்த படம் என்று நான்கு படங்களாவது வேண்டும்.

கூடவே எழுத வேண்டியவை: எத்தனை அங்குலப் பொம்மைக்குப் பொருந்தும், சுற்றளவுகள், துணியின் பெயர், எப்படித் துவைப்பது, எத்தனை நாளில் அனுப்பப்படும். ‘படத்தில் உள்ள பொம்மை விற்பனைக்கு அல்ல’ என்ற வரியையும் சேர்த்துவிட்டால் தேவையில்லாத சண்டை வராது.

பிரபலமான பொம்மையின் லோகோவையோ, அந்த நிறுவனத்தின் விளம்பரப் படத்தையோ பயன்படுத்தக் கூடாது. நிறுவனமே விற்பதுபோல் தோன்றினால் சிக்கல். ‘11.5 அங்குல ஃபேஷன் பொம்மைக்குப் பொருந்தும் கைத்தையல் உடை’ என்று எழுதுவது பாதுகாப்பான வழி.

சீசனை மறக்கக் கூடாது. வரலட்சுமி விரதம், கிருஷ்ண ஜெயந்தி, நவராத்திரி, தீபாவளி என்று வரிசையாக வரும் மாதங்கள்தான் பரபரப்பான நேரம். ஆனி மாதத்திலேயே தைத்து அடுக்கத் தொடங்கினால்தான் கடைசி நேரத்தில் ராத்திரி முழுக்க மிஷின் மிதிக்க வேண்டியிருக்காது.

சட்டம், பணம், பாதுகாப்பு

உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவுசெய்வது இலவசம். ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள், ஜி.எஸ்.டி பதிவு இல்லாமலே, சேர்க்கை எண் மட்டும் பெற்று, தங்கள் மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி உண்டு. வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பொம்மையையும் சேர்த்து விற்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

வெளிநாட்டுக்கு விற்க, 500 ரூபாய் கட்டணத்தில் ஏற்றுமதி - இறக்குமதி குறியீட்டு எண் பெற வேண்டும். கைவினைப் பொருள்களுக்கான எட்சி தளம், ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சென்ட்டும், விற்ற தொகையில் 6.5 சதவிகிதமும் எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டதால், அங்கே அனுப்புபவர்கள் அந்தச் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சலை அனுப்பக் கூடாது. வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ பின் எண்ணைப் போட வேண்டிய அவசியமே இல்லை. ‘ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வரும்’ என்று யாராவது சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

முதல் அடி

புதிதாகத் தொடங்குபவர்கள் துணி மூட்டையாக வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் ஒரு பொம்மை, ஒரு பிளவுஸ் பிட் போதும். ஒரே டிசைனில் மூன்று உடை தைத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் எழுதட்டும். முதல் உடையைவிட மூன்றாவது எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பதிலேயே, இந்தத் தொழில் தனக்குக் கட்டுப்படியாகுமா என்பது தெரிந்துவிடும்.

அந்த நோட்டுதான் இந்தத் தொழிலின் முதல் முதலீடு. அதில் துணிக்கு ஒரு வரி, நூலுக்கு ஒரு வரி இருப்பதுபோல், தைத்தவரின் நேரத்துக்கும் கட்டாயம் ஒரு வரி இருக்கட்டும்!